இன்னும் ஒரே ஒரு பின்னல்

மார்ச் 3

அன்புள்ள அக்கா,

வாயைத் திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இனி நமக்குக் கடிதம்தான். நான் சும்மா இருக்க வேண்டும் என்று எத்தனை வருஷம் ஆசைப்பட்டாய், இப்போது சந்தோஷமா?

இன்று தொண்டைப் புற்றுக்கட்டிக்குக் கதிர்வீச்சு வைக்கும் முதல் நாள். வைக்கவில்லை. சுடுநீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலையை என் முகத்தில் அழுத்தி, போன வாரமே ஒரு முகமூடி செய்திருந்தார்கள். இன்று அதை மாட்டி, படுக்கையோடு சேர்த்து 'டக் டக்'கென்று பூட்டினார்கள். இமை வலையில் உரசியது. எச்சில் விழுங்க முடியவில்லை. எல்லோரும் வெளியே போய்க் கனமான கதவைச் சாத்தினார்கள். கையை உதறிக்கொண்டு அலறிவிட்டேன்.

"அசைஞ்சா கதிர் வேற இடத்துல பட்டுடும்மா" என்றார் மெஷின் பார்க்கிறவர். ரொம்ப நாள் தள்ளிப்போடவும் முடியாதாம். இங்கேயே ஹிப்னோதெரபி செய்யும் அம்மா ஒருவர் இருக்கிறார், அவரைப் பார்க்கச் சொன்னார்கள்.

செத்துப்போவதைவிட அந்த முகமூடிதான் எனக்குப் பயம். இதை உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன்.

உன் வாலு


மார்ச் 9

என் செல்ல வாலுக்கு,

ஹிப்னாடிசமா? புத்தி கெட்டுப்போச்சா உனக்கு? பள்ளி ஆண்டு விழாவில் ஒருத்தன் நம் ஹெட்மாஸ்டரைக் கோழி மாதிரி கொக்கரிக்க வைத்தானே, மறந்துவிட்டாயா? தொண்டைக்கு வைத்தியம் பார்க்கப் போன இடத்தில் மூளையையும் கொடுத்துவிட்டு வராதே. கண்ணை மூடிவிட்டுத் திறக்காமலே போய்விட்டால் நான் என்ன செய்வேன்?

உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வாரநாளில் லீவு கேட்டால் தையல் கம்பெனி மேனேஜர் மூஞ்சியைத் தூக்குகிறான். போன் செய்யலாம்தான், ஆனால் ஒருத்தி மட்டும் பேசுவதற்குப் பெயர் போனா? மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தி என் தொண்டையும் கட்டிக்கிடக்கிறது. வெந்நீர் குடித்தால் சரியாகிவிடும்.

தூக்க மாத்திரை கேட்டுப் பார்.

அக்கா


மார்ச் 13

அன்புள்ள அக்கா,

திட்டாதே, போய்விட்டேன். அந்த அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் சம்மணம் போட்டு உட்காருகிறவர். "மயக்கமெல்லாம் இல்லம்மா. நான் பேசறது கேட்டுட்டேதான் இருக்கும். பிடிக்கலன்னா எழுந்து போயிடலாம். கட்டியைக் கரைக்கறது கதிரோட வேலை. பயத்தைக் கொஞ்சம் தள்ளி உட்கார வைக்கறது மட்டும்தான் நம்ம வேலை" என்றார்.

அசையாமல், ஆனால் பயமில்லாமல் இருந்த ஒரு நேரத்தை நினைக்கச் சொன்னார். எனக்கு உன் முழங்கால்கள் ஞாபகம் வந்தன. பள்ளிக்கூடம் கிளம்பும் அவசரத்தில் என் தலையை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு பின்னுவாயே. "ஆடாதடி வாலு, இன்னும் ஒரே ஒரு பின்னல்தான்." பச்சைப் பொய். அதற்கப்புறமும் பின்னிக்கொண்டே இருப்பாய்.

அவர் பேசப் பேசத் தோள் இறங்கியது. மூச்சு வயிறு வரை போனது. ஆனால் முகமூடியை மடியில் வைத்ததும் எல்லாம் போச்சு. "உங்க அக்கா குரல் கிடைச்சா நல்லாருக்கும்" என்கிறார். போனில் பேசிப் பதிவு செய்து அனுப்பு அக்கா. அந்த ஒரு வரி போதும்.

உன் வாலு


மார்ச் 20

வாலுக்கு,

என்னால் முடியாது. என் பேச்சைக் கேட்டு நீ அங்கே கட்டை மாதிரி கிடந்து, ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் அந்தப் பழியை நான் எங்கே கொண்டுபோய்ப் போடுவேன்? என் குரலும் இப்போது கேட்கிற மாதிரி இல்லை. வேறு யாரையாவது பேசச் சொல்.

இதுவரை எழுதிவிட்டு அழுதேன். பிறகு குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசி, உன் போனுக்கு அனுப்பிவிட்டேன். கரகரவென்று இருக்கும், சிரிக்காதே. வெறும் ஜலதோஷம்.

அக்கா


ஏப்ரல் 13

என் அன்பு அக்கா,

நீ ஜெயித்துவிட்டாய். முகமூடியைப் பூட்டிக் கதவைச் சாத்தியதும் சுவரிலிருந்த ஸ்பீக்கரில் உன் குரல் வந்தது. பயம் போகவில்லை, கதவோரம் நின்றுகொண்டது. நான் அசையவில்லை. அன்றிலிருந்து தினமும் கதிர் வைக்கிறார்கள். இப்போது பூட்டும்போது அவர்களே "ஒரே ஒரு பின்னல்தாம்மா" என்கிறார்கள்.

முதலில் சில நாள் எனக்கு உன் வார்த்தை மட்டும்தான் கேட்டது. பயம் குறைந்த பிறகு குரலும் கேட்க ஆரம்பித்தது. 'பின்னல்' என்னும்போது உன் குரல் உடைந்து வெறும் காற்றாகிவிடுகிறது. அது ஜலதோஷம் இல்லை அக்கா. என் குரலும் அப்படித்தான் உடைந்தது. கணக்கு டீச்சர் என்றால் கத்தத்தானே வேண்டும் என்று நானும் மாதக்கணக்கில் வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

அதனால்தானே நீ போன் செய்யவில்லை? எனக்குத் தெரிந்துவிடும் என்றுதானே?

ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். ஆனால் டாக்டரிடம் காட்டாமல் விட மாட்டேன். முகமூடியெல்லாம் ஒரு பயமே இல்லை. இதுதான் பயம்.

சனி, ஞாயிறு கதிர் கிடையாது. வெள்ளிக்கிழமை கதிர் முடிந்ததும் ரயிலேறுகிறேன். சனிக்கிழமை காலையில் உன்னை டாக்டரிடம் அழைத்துப்போகப் போகிறேன். மேனேஜர், தையல் என்று ஒன்றும் சொல்லாதே. கிளம்புவதற்கு முன்னால், எனக்கு முன்னே தரையில் உட்கார். உன் தலையை என் முழங்கால்களுக்கு நடுவே பிடித்துக்கொள்கிறேன். எனக்குக் குரல் சுத்தமாக வருவதில்லை, அதனால் உன்னை மாதிரி பொய் சொல்ல முடியாது. பின்னிக்கொண்டே இருப்பேன்.

ஆடாமல் இரு.

உன் வாலு