டாக்டரிடம் மறைத்த பாக்கெட்

அன்பு மகனுக்கு அப்பா சொல்லி எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் எழுந்து நடமாடுகிறோம், நீதான் அங்கே குனிய முடியாமல் நிற்கிறாயாம். அடுத்த வாரம் முதுகில் ஆபரேஷன் என்று மருமகள் போனில் சொன்னாள். அதற்குமுன் இதைக் கேள்.

ஆற்றுப் பாலம் வெள்ளத்தோடு போன வருஷம், உனக்கு முன்பல் இரண்டும் விழுந்த வருஷம், நான் ஆஸ்பத்திரியில் வார்டு பாய். முதுகுத்தண்டு ஆபரேஷனுக்கு மூன்று பேர் வரிசையாகப் படுத்திருந்தார்கள். முதல் கட்டில் தையல்காரர். ரத்தம் எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்து இரண்டு நாள் பட்டினி கிடந்து, சர்க்கரையே இல்லை என்று நல்ல பேர் வாங்கினார், ரிப்போர்ட் வந்த அன்றே தலையணைக்கு அடியில் பிஸ்கட். அடுத்தவர் லாரி டிரைவர். சிகரெட்டை விட்டு ஒரு வருஷமாச்சு டாக்டர் என்று அவர் சொன்னபோது, அவருக்கு வாங்கிவந்த பாக்கெட் என் சட்டைப்பையில் இருந்தது. நான் வாயே திறக்கவில்லை, அவ்வளவு விசுவாசம். மூன்றாவது ஒரு குண்டு குமாஸ்தா, நாங்கள் வைத்த பேர் பூசணி. டாக்டர் கேட்பதற்குமுன்பே சர்க்கரை, சிகரெட், எடை எல்லாவற்றையும் ஒப்பித்தார். இதோட வெட்டினா புண் ஆறாது, குறைச்சுட்டு மூணு மாசம் கழிச்சு வாங்க என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கத்தியைப் பார்த்ததும் பூசணி உருண்டு ஓடிடுச்சு என்று டிரைவர் சிரித்தார், நானும் கூடவே சிரித்தேன்.

மற்ற இருவருக்கும் ஆபரேஷன் பிரமாதம் என்றார்கள். பத்தாம் நாள் கட்டைப் பிரித்தால் சீழ். தையல்காரருக்கு இரண்டு தடவை திறந்து கழுவினார்கள், பிழைத்தார், ஆனால் மெஷின் முன்னால் மறுபடி உட்காரவில்லை, போன மழைக்கு அவரும் போய்விட்டார். டிரைவருக்குப் புண் உள்ளே எலும்புவரை இறங்கிவிட்டது. ஏன்யா, நீயாவது டாக்டர்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா என்று என்னைக் கேட்டார். கேட்ட மூன்றாம் நாள் முடிந்துவிட்டது.

உனக்குச் சர்க்கரை என்பது மருமகள் சொல்லித் தெரியும். மற்றதை யாரும் சொல்லவில்லை. போன தடவை வந்தபோது தண்ணீர்த் தொட்டி நிறைந்ததா என்று ஒரே நாளில் ஆறு தடவை மொட்டைமாடிக்குப் போனாய், இறங்கும்போதெல்லாம் வாயில் ஏலக்காய், அவ்வளவு பொறுப்பான பிள்ளை. இரண்டையும் உன் டாக்டரிடம் நீயே சொல்லு. தேதி தள்ளிப்போனால் போகட்டும். நீ சொல்லாவிட்டால் அவருக்கு நேராக இன்னொரு கடிதம் வரும், இந்தத் தடவை என் வாய் மூடியிருக்காது.

நிமிர்ந்து நடந்து, பேரப்பிள்ளைகளைத் தூக்கி, நீண்ட நாள் நன்றாயிரு. மாத்திரையை மறக்காதே.

உன் அப்பா, கைநாட்டு.

நான் சொல்லச் சொல்ல எழுதியவர், அந்த மூவரில் இன்றைக்கும் உயிரோடு இருக்கிற ஒரே ஆள், பூசணி.