கதவு மூடுதுங்களா?

ஆகஸ்ட் 18, திங்கள்

குழந்தைவேல் சார் வந்தார். மண் இன்ஜினியர், போன வருஷம் ரிட்டயர்டு. கொட்டச்சேடு போகிற வழியில் லாட்ஜ் கட்ட மலையைச் செங்குத்தாக வெட்டியிருக்கிறார்கள். கீழே ஒன்பது வீடு. ஐப்பசி மழைக்குத் தாங்காது என்கிறார். நாற்பது பக்க அறிக்கை எழுதி ஆபீஸ் ஆபீசாக அனுப்பினாராம், பதில் இல்லை. அந்த வீட்டுக்காரர்களிடமே கொடுத்தும் யாரும் படிக்கவில்லை.

"டாக்டருங்க, வக்கீலுங்களையெல்லாம் எழுத வெக்கிறீங்களாமே. எனக்கும் சனங்களுக்குப் புரியற மாதிரி ஒண்ணு எழுதிக் குடுங்க, அம்மிணி."

மழைக்கு முன்னாடி முடிக்கணும். முடிப்பேன்.

ஆகஸ்ட் 20

அறிக்கையைப் படிக்கிறேன். "சரிவின் உறுதித்தன்மை பாதிக்கப்படுவதற்கான சாத்தியக்கூறுகளை முற்றிலும் மறுப்பதற்கில்லை." கடவுளே! இடிஞ்சு விழும்னு ஒரு இடத்திலாவது சொல்லக் கூடாதா இந்த மனுஷன்?

ஆகஸ்ட் 27

நானே எழுதிக் காட்டினேன். பனிமூட்டம், மிளகுக்கொடி, காப்பிப்பூ வாசம் என்று ஆரம்பம். எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

"நொம்ப நல்லாருக்குதுங்க. மண்ணு எங்கீங்க இதுல?" என்றார்.

கோபமான கோபம். அவர் சொன்னது சரி என்பதால் இன்னும் கோபம். கிழித்துப் போட்டேன்.

செப்டம்பர் 3

இனி உட்கார்ந்து பேசி ஆகாது என்று அவர் வண்டியிலேயே ஏறிப் போனேன். முதல் வீடு அத்தாயி அக்காவுடையது. எஸ்டேட் வேலை, இரண்டு பெண் பிள்ளைகள், புருஷன் திருப்பூரில். சார் மலையையும் பார்க்கவில்லை, சுவரையும் பார்க்கவில்லை. கதவைத் திறந்து திறந்து மூடினார். நிலையில் இடித்து நின்றது.

"சரிவுல இருக்கற ஊட்டுல மொதல்ல கதவைத்தாங்க பாப்பேன். மண்ணு நகந்தா, செவுரு விரியறதுக்கு முன்னாடியே நெலை கோணிக்கும்."

அத்தாயி அக்கா சிரித்தார். "மழைக்கு மரம் ஊதிக்கிச்சுங்க சார். ஆசாரி வந்து ரெண்டு தடவை இழைச்சுட்டாரு."

நாற்பது பக்கத்தில் இந்தக் கதவு எங்கே? எங்கேயும் இல்லை! கேட்டால், "அது டெக்னிக்கல் இல்லீங்களே" என்கிறார். தலையில் அடித்துக்கொண்டேன். திரும்பி வரும் வழியெல்லாம் சண்டை.

செப்டம்பர் 9

முதல் வரி கிடைத்துவிட்டது. உங்க ஊட்டுக் கதவு போன வருஷம் மாதிரி மூடுதுங்களா?

செப்டம்பர் 16

கடைசிப் பத்தியில் மாட்டிக்கொண்டோம். மண் இறங்கும் என்று எழுத மாட்டேன் என்கிறார்.

"எறங்கலீன்னா? என் பேரு என்னாவறது?"

"எறங்குச்சுன்னா அவங்க என்னாவாங்க சார்?" கத்திவிட்டேன். அப்பா வயசு ஆளிடம். போனை வைத்துவிட்டார்.

மன்னிப்புக் கேட்கணுமா? கத்தினதுக்குக் கேட்கலாம். கேட்ட கேள்விக்கு மாட்டேன்.

செப்டம்பர் 17

அவரே அனுப்பினார்: "இந்த மழையில் இந்த மண் இறங்கும் என்று நான் நினைக்கிறேன். என் வீடாக இருந்தால் இங்கே படுக்க மாட்டேன்."

ஒரு எழுத்தைக்கூட நான் தொடவில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

அத்தாயி அக்கா வாசலில் ஒன்பது வீட்டாரும் உட்கார்ந்திருந்தார்கள். சாரே படித்தார். பாதியில் ஒருத்தர் எழுந்து போனார். அப்புறம் இரண்டு பேர். அவ்வளவுதான், போச்சு என்று நினைத்தேன். அப்போதுதான் சத்தம் கேட்டது. ஒவ்வொரு வீட்டிலும் கதவை அடித்து மூடிப் பார்க்கிறார்கள்!

ஐந்து வீட்டில் மூடவில்லை.

"அப்ப மரம் ஊதலீங்களா சார்?" என்றார் அத்தாயி அக்கா. அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அக்டோபர் 12

ஏழு குடும்பம் பள்ளிக்கூடத்தில் தங்க வந்துவிட்டது. அத்தாயி அக்கா ஆட்டையும் பிடித்துக்கொண்டு வந்தார். இரண்டு வீட்டார் வரமாட்டேன் என்கிறார்கள். "ஒரு காயிதத்தைக் கேட்டுட்டு ஊட்டை உட்டுட்டு வரச் சொல்றீங்களா?" ஆமாம், அதைத்தான் சொல்கிறேன். நாளைக்கும் போய்ச் சொல்வேன்.

அக்டோபர் 18

அந்த இரண்டும் வந்தாச்சு. திட்டிக்கொண்டேதான். திட்டட்டும்.

அக்டோபர் 22

மூன்று நாளாக மழை. விடிகாலையில் மண் இறங்கிவிட்டது. நாலு வீடு இல்லை. அத்தாயி அக்கா வீடும் இல்லை.

உள்ளே யாரும் இல்லை. யாரும் இல்லை. எழுதிப் பார்த்தால்தான் நம்ப முடிகிறது.

சார் போன் செய்து "அம்மிணி" என்றார். போனை வைத்துவிட்டு இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துக்குப் போனோம்.

நவம்பர் 30

அத்தாயி அக்கா வெள்ளக்கடை கிராமத்தில் வாடகைக்கு வீடு பிடித்திருக்கிறார். சாரும் நானும் போனோம். வாங்க என்றவர் உட்காரச் சொல்லவில்லை. எங்களை உள்ளே நிறுத்திவிட்டு முதலில் கதவைச் சாத்தினார். திறந்தார். மறுபடியும் சாத்தினார்.

"மூடுதுங்க சார்" என்றார்.