தெஹிவளையில் நின்ற வான்

வெள்ளவத்தை

அன்பின் நிருஷா,

நான் சுகம். அம்மாவின் கால்வீக்கம் வற்றிவிட்டதா?

செவ்வாய்க்கிழமை கடை வான் தெஹிவளையில் டீசல் முடிந்து நின்றுவிட்டது. பயப்படாதேயும், முதலாளி ஏசவில்லை. டீசலை ஊற்றினால் மட்டும் என்ஜின் ஓடாது என்று உமக்குத் தெரியும்தானே. ஒருவர் டீசல் குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியே எடுக்க, மற்றவர் சாவி திருப்ப வேண்டும். எங்கள் கடைக்குப் பக்கத்துக் கடை ஸப்வான் வந்து சாவியைப் பிடித்தார். நான் குனிந்தபடியே, "நிருஷா, இப்ப ஸ்டார்ட் பண்ணும்" என்றேன்.

"அது யாரு அண்ணன்?" என்று கேட்டார்.

"வீட்டில டிராக்டருக்குச் சாவி திருப்பிறவ."

பஸ்ஸில் யாராவது வந்தால் என் பழைய ஸ்பானரைக் கொடுத்துவிடும். இங்குள்ளது கைக்குப் பழகவில்லை.

முதலாளி கூப்பிடுகிறார். டிராக்டரில் டீசல் முடிய விடாதேயும். தனியாளாய்க் காற்றெடுக்க ஏலாது.

உம்முடைய
துஷ்யந்தன்