நாய் மழைக்கோட்டை ஆட்டுக்குப் போட்டு அளித்த ஒற்றை நட்சத்திரம்

அனுப்புநர்:
உரிமையாளர்,
'நனையாத வால்' – செல்லப் பிராணிகளின் மழைக்கோட்டுக் கடை,
மருந்துக் கடைக்கு மேல்மாடி.

பெறுநர்:
விற்பனையாளர் குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
இணையச் சந்தைத் தலைமை அலுவலகம்.

பொருள்: எங்கள் பெரிய அளவு நாய் மழைக்கோட்டின் மீது இடப்பட்டுள்ள 'அளவு பொருந்தாதது' என்ற முத்திரையை நீக்கவும், ஆடுகளுக்குத் தனிப் பிரிவு திறக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: என் முதல் புகாரும், அதற்குத் தாங்கள் அனுப்பிய பதிலும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பதினான்கு ஆண்டுகள் பள்ளிச் சீருடை தைத்தவள். சென்ற ஆண்டு மழைக்காலத்தில், 'மேனேஜர்' என்று நாங்கள் அழைக்கும் எங்கள் நாய், நனைய மாட்டேன் என்று வாசற்படியிலேயே சட்டமாக உட்கார்ந்துவிட்டது. கம்பி முறிந்த குடையொன்றின் துணியைப் பிரித்து அதற்கு ஒரு கோட்டு தைத்துப் போட்டேன். அதை அணிந்து மேனேஜர் தெருவில் நடந்த மிடுக்கை என் நாத்தனார் படமெடுத்துத் தங்கள் சந்தையில் ஏற்றினாள். எங்கள் கடை பிறந்த கதை இவ்வளவுதான். தைப்பது நான். படம், பொட்டலம், வாய்ச்சண்டை ஆகிய மூன்றும் நாத்தனார் பொறுப்பு.

2. அன்று முதல் ஐந்து நட்சத்திரத்துக்குக் குறைவாக ஒருவரும் எங்களுக்கு அளித்ததில்லை. இந்நிலையில் சென்ற மாதம் பதினோராம் தேதி காலை, வாடிக்கையாளர் ஒருவர் ஒற்றை நட்சத்திரத்துடன் கீழ்க்கண்டவாறு எழுதியிருந்தார்: "அளவு சுத்தத் தப்பு. வயிறு பத்தலை. தொப்பி தலையில நிக்கவே இல்லை. ஏமாத்து வேலை, யாரும் வாங்காதீங்க." ஆதாரமாக ஒரு புகைப்படமும் இணைத்திருந்தார்.

3. அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்பதைத் தங்களிடம் மறைப்பதற்கில்லை. மதியத்துக்குள் தங்கள் கணினி தானாகவே அக்கோட்டின் மீது 'அளவு பொருந்தாதது' என்று முத்திரையிட்டு, விற்பனைப் பக்கத்தையும் பூட்டிவிட்டது. கையில் அளவு நாடா பிடித்தவளைப் பார்த்து அளவு தெரியாதவள் என்பது, சமையற்காரரை உப்பு தெரியாதவர் என்பதற்குச் சமம்.

4. தையலில் எங்கே பிழை என்று அறிய அப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். தொப்பி முகத்தின் பாதியை மூடியிருந்தது. சற்று நேரம் உற்றுப் பார்த்த நாத்தனார், "அண்ணி, இந்த நாய்க்குத் தாடி இருக்கு!" என்றாள். "ஏதாவது வெளிநாட்டு இனமா இருக்கும்" என்றேன். "இனமா? இனமே வேற அண்ணி. தொப்பி ரெண்டு பக்கமும் தூக்கிக்கிட்டு நிக்குது பாருங்க, அது கொம்பு" என்றாள். அது ஆடு. காலையிலிருந்து கலங்கியிருந்த நான் தையல் மேசையில் தலை வைத்துச் சிரித்தேன். கீழே மருந்துக் கடைக்காரர் என்னவோ ஏதோவென்று படியேறி வந்துவிட்டார். படத்தைக் காட்டியதும் அவரும் திரும்பிப் போக வெகுநேரமாயிற்று.

5. அன்றே தங்களுக்குப் புகார் அனுப்பினேன். தங்கள் படிவம் 'நாயின் இனம்' என்ற கட்டத்தை நிரப்பாமல் மேலே நகரவில்லை. வேறு வழியின்றி 'மற்றவை' என்று குறித்தேன். நான்காம் நாள் வந்த பதிலில், "படத்தில் உள்ளது நாய்தான் என்பதை எங்கள் சரிபார்ப்புக் குழு உறுதி செய்துள்ளது. எனவே மதிப்புரை செல்லும்" என்று கண்டிருந்தது. அக்குழுவினர் மீது எனக்குக் கோபமில்லை. நானும் முதலில் ஏமாந்தவள்தான்.

6. இதற்கிடையில் மதிப்புரைக்குப் பதில் எழுத வேண்டியிருந்தது. நாத்தனார் எழுதி வைத்திருந்த பதில்: "கோட்டுல குறை இல்ல, உங்க கண்ணுலதான் குறை." அதை அனுப்பவிடாமல் செல்பேசியைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன். வாடிக்கையாளரைப் பொதுவில் வைத்துக் கேலி செய்து எந்தக் கடையும் தழைத்ததில்லை. மேலும், ஒருவர் ஓர் ஆட்டுக்குக் கோட்டு தேடியிருக்கிறார் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்குமே என்று தோன்றியது. ஆகவே, 'தங்கள் பிராணியின் கழுத்து, மார்பு, வயிற்றுச் சுற்றளவுகளைத் தெரிவித்தால் பொருத்தமாகத் தைத்துத் தருகிறேன்' என்று மட்டும் எழுதி, என் தொலைபேசி எண்ணையும் கொடுத்தேன். ஆடு என்ற சொல்லை நான் எடுக்கவே இல்லை.

7. மறுநாளே அழைத்தார். பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். "ஏம்மா, நாய்க்குன்னு போட்டிருந்தது எனக்குத் தெரியும்மா. ஆட்டுக்கு யாரு தைக்கிறாங்க? அதுக்கும் நாலு காலு, இதுக்கும் நாலு காலுன்னு வாங்கிட்டேன்" என்றார். "அப்புறம் ஏங்க ஐயா ஒரே ஒரு நட்சத்திரம்?" என்று கேட்டேன். "மூணு நாளா விடாத மழைம்மா. அது நிறைமாசம். கொட்டாய் ஒழுகி, நனைஞ்சு நடுங்கிக்கிட்டு நிக்குது. நான் யார்கிட்ட போய்க் கோவிச்சுக்கறது? மழைக்கு நட்சத்திரம் போட முடியுமா?" என்றார்.

8. அடுத்த பேருந்திலேயே நாத்தனாருடன் சென்று நேரில் அளவெடுத்தேன். 'மகாராணி' என்பது அந்த ஆட்டின் பெயர். நாயைப் போல் அது நிற்கவில்லை. நான் வயிற்றை அளந்துகொண்டிருந்தபோது என் அளவு நாடாவின் மறுமுனையை மென்றுவிட்டது. என் நாடாவில் இப்போது எண்பதுக்கு மேல் எண்கள் கிடையாது. அந்த அளவுக்கு முதலில் தைத்துக் கொண்டுபோன கோட்டின் கயிறுகளையும் தின்றது. இரண்டாவதில் கயிற்றை நீக்கி, வாய் எட்டாத முதுகுப் பக்கம் கொக்கி வைத்தேன். கொம்புக்கு இரண்டு துளைகள், மடிக்கு இடைவெளி, வயிற்றுக்கு விரிந்துகொடுக்கும் மடிப்பு. அதைப் போட்டதும் மகாராணி மழையில் இறங்கி, முற்றத்தின் நட்ட நடுவே நின்றது. கூப்பிட்டும் வரவில்லை. அந்தப் பெரியவர் தான் நனைவதையும் மறந்து அதன் பக்கத்திலேயே நின்று சிரித்தார்.

9. ஆறாம் நாள் விடியற்காலையில் தொலைபேசி ஒலித்தது. "ஏம்மா, ரெட்டைக் குட்டி! தாயும் புள்ளைங்களும் நல்லா இருக்காங்க. சின்ன சைஸ்ல ரெண்டு வேணும்" என்றார். பேறுகாலத்துச் செய்தி கேட்ட தாய்வீட்டார் போல நானும் நாத்தனாரும் ஆளுக்கொரு குட்டிக்கு என்று பங்கு பிரித்துத் தைத்தோம். கொசுறாக மேனேஜரின் பழைய கம்பளித் துண்டும் போயிற்று.

10. இனி என் குறை. அப்பெரியவர் தம் மதிப்பீட்டை ஐந்து நட்சத்திரமாக மாற்ற ஏழு முறை முயன்றும், 'பூட்டப்பட்ட பக்கத்தில் மாற்றம் செய்ய இயலாது' என்றே வருகிறது. அவருக்குத் தெரிந்த ஆடு வளர்ப்பவர்கள் பலர் இதே கோட்டைக் கேட்கிறார்கள். தங்கள் சந்தையில் ஆடுகளுக்குப் பிரிவு இல்லாததால், மகாராணியின் புதிய படத்துடன் நாய்ப் பிரிவிலேயே பதிய முயன்றேன். 'படத்தில் உள்ள விலங்கு நாய் அல்ல' என்று தங்கள் அலுவலகம் நிராகரித்துவிட்டது. ஐயா, ஒரே ஆடு. என் மீது புகார் வந்தபோது நாய், நான் விற்க வந்தபோது ஆடு. இரண்டில் எது தங்கள் முடிவானாலும் நான் தலைவணங்குகிறேன். ஆனால் ஒன்றாக இருக்க வேண்டும் என்று மட்டும் பணிந்து கேட்கிறேன்.

11. ஆகவே, தாங்கள் அருள்கூர்ந்து முத்திரையை நீக்கிப் பக்கத்தைத் திறக்கவும், பெரியவர் தம் மதிப்பீட்டைத் தாமே மாற்ற வழி செய்யவும், 'ஆடு' என்றொரு பிரிவு தொடங்கவும் வேண்டுகிறேன். அந்த முதல் புகைப்படத்தை மட்டும் நீக்கிவிட வேண்டாம். அதைப் பார்த்துச் சிரித்தே எங்கள் கடைக்குள் வருகிறார்கள்.

இத்துடன் மகாராணியின் அளவுகளும், குட்டிகளின் படமும், அப்பெரியவர் தம் கைப்பட எழுதித் தந்த வாக்குமூலமும் இணைத்துள்ளேன். மழை நிற்பதற்குள் தங்கள் ஆணை வரும் என்ற நம்பிக்கையுடன்,

இடம்: தையல் அறை
நாள்: ஒன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
உரிமையாளர், 'நனையாத வால்'

இணைப்பு – வாடிக்கையாளரின் வாக்குமூலம்:

ஐயா, மேல எழுதினது அத்தனையும் உண்மை. நான் முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டினவன். வண்டி நிக்கலை, சீக்கிரம் எடுத்துட்டான், முறைச்சுப் பார்த்தான்னு என் மேல எத்தனையோ பேர் எழுதிப் போட்டிருக்காங்க. எல்லாம் இன்னும் ஏதோ ஒரு பீரோவுல இருக்கும். எழுதினவங்கள்ல ஒருத்தர்கூடத் திரும்பி வந்து, தப்பு என் மேலதான்னு சொன்னது கிடையாது. நான் வந்திருக்கேன். உள்ள விடுங்க.