கோடு தொடும் இடம்

தென்காசி
18.6.2024

அன்புள்ள மச்சானுக்கு சனோபர் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பீர்கள். நீங்கள் கூப்பிட்டாலே மாமி, "ஏளா, ஸ்பீக்கர்ல போடு, நானும் கேக்கேன்" என்று வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். அவர்கள் மகன் குரல், கேட்கட்டும். எனக்கென்று நாலு வார்த்தை வேண்டாமா?

தீசிஸ் ஏன் இழுக்கிறது என்று கேட்டீர்கள். காட்மியம் சல்பைடு, துத்தநாக சல்பைடு இரண்டையும் ஒரே கலவையாகக் கண்ணாடித் துண்டில் மெல்லிய படலமாகப் படியவைக்கிறேன். துத்தநாகம் கூடக் கூட மஞ்சள் வெளுக்கும். ஒளியை உள்ளே விட்டு அளந்து, வரைபடம் போட்டு, அதன் நேரான பகுதியோடு ஸ்கேலை வைத்துக் கீழ்க்கோடு வரை இழுக்க வேண்டும். கோடு தொடும் இடத்தில் உள்ள எண்தான் விடை. துத்தநாகத்தைக் கூட்டினால் அந்த எண் ஏற வேண்டும். எனக்கு ஏறவில்லை.

இப்போது குற்றாலத்தில் சாரல். அங்கே கல்லூரிக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் நனைந்துகொண்டே போகிறேன். அது ஒன்றுதான் நான் யாரிடமும் கேட்டு வாங்காத சுகம்.

உங்கள்
சனோபர்


தம்மாம்
5.7.2024

அன்பு சனோபருக்கு, வஅலைக்கும் ஸலாம்.

உன் கையெழுத்து எவ்வளவு அழகு என்பதே மறந்துபோயிருந்தது. ரூமில் ஒளித்து வைத்துப் படித்தேன்.

நல்ல சேதி. குடும்ப விசாவுக்கு ஏற்பாடு செய்துவிட்டேன். நாலாவது மாடியில் ஃபிளாட், வாஷிங் மிஷின்கூட வாங்கியாச்சு. ஜன்னலில் ஏசி பொருத்திவிட்டதால் வெயிலே உள்ளே வராது. நான் வேலை பார்க்கும் கடை கீழேயே இருக்கிறது, எல்லாம் நானே கொண்டுவந்துவிடுவேன். நீ வெளியே இறங்க வேண்டிய தேவையே இருக்காது. தீசிஸை முடித்ததும் கிளம்ப வேண்டியதுதான். உனக்குச் சம்மதம்தானே?

உன்
அஃப்சல்


தென்காசி
28.7.2024

அன்புள்ள மச்சானுக்கு,

காய்வதற்கு வைத்திருந்த கண்ணாடித் துண்டு ஒன்றைக் குரங்கு தூக்கிப்போய்விட்டது. மரத்தில் உட்கார்ந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது. என்னைவிட அதற்குப் பொறுமை அதிகம்.

படலங்களை எக்ஸ்ரே சோதனைக்கு அனுப்பியிருந்தேன், முடிவுகள் வந்துவிட்டன. இரண்டும் கலந்திருந்தால் அந்தப் படத்தில் ஒரே முகடு, இடம் மாறி நிற்கும். எனக்கு இரண்டு முகடுகள், ஒவ்வொன்றும் அதனதன் பழைய இடத்திலேயே. ஒரே கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, கலக்காமலே இருந்திருக்கின்றன.

நம்பிராஜன் சார்தானே என் வழிகாட்டி. அவர் ஸ்கேலை எடுத்து வரைபடத்தில் வைத்தார். "இப்படிக் கொஞ்சம் சாய்ச்சு வரைம்மா. எண் தானா ஏறிரும். அந்த எக்ஸ்ரே படத்தச் சேக்காண்டாம். அடுத்த மாசமே சப்மிட் பண்ணிரலாம்" என்றார். ஒரு மயிரிழைதான் மச்சான். வீட்டிலும் லேபிலும் மூச்சு முட்டுகிறது. இந்த மயிரிழையால் இரண்டும் முடிந்துவிடும். இன்னும் வரையவில்லை.

தம்மாம் வருவதைக் கேட்டிருந்தீர்கள். இன்ஷா அல்லாஹ்.

சனோபர்


தம்மாம்
14.8.2024

அன்பு சனோபருக்கு,

சார் சொல்வதைக் கேளேன். ஒரு கோடுதானே? அதை வைத்து யாரும் பாலம் கட்டப் போவதில்லை. ஆளில்லாத ஃபிளாட்டில் தனியாகச் சாப்பிட்டுச் சலித்துவிட்டது. உன் படிப்பு முடியட்டும் என்றுதான் இத்தனை காலம் வாயைத் திறக்காமல் இருந்தேன். எனக்கு நீ வேண்டும். ஸ்கேலைச் சாய்த்துவிட்டு வந்து சேர்.

அஃப்சல்


தென்காசி
10.9.2024

அன்புள்ள மச்சானுக்கு,

தீசிஸைக் கொடுத்துவிட்டேன். கோட்டை அது நிற்கும் இடத்திலேயே வரைந்தேன். இந்த முறையில் இரண்டும் கலக்கவில்லை என்றே எழுதினேன். சார் என்னோடு பேசுவதை நிறுத்தினார், பிறகு, "ஒங்க இஷ்டம்" என்று கையெழுத்துப் போட்டார்.

அதே கையால் இதையும் எழுதிவிடுகிறேன். நீங்கள் கேட்டபோதெல்லாம் இன்ஷா அல்லாஹ் என்றேனே, அது அல்லாஹ்வின் பெயரைச் சொல்லி நான் சாய்த்த ஸ்கேல். எனக்குத் தம்மாம் வர விருப்பமில்லை. அந்த நாலாவது மாடியை நினைத்தாலே பயமாக இருக்கிறது. கோபித்துக்கொள்ளுங்கள்.

சனோபர்


தம்மாம்
29.9.2024

சனோபருக்கு,

கோபப்பட்டேன். கடிதத்தைக் கசக்கினேன், பிறகு நீவி எடுத்து வைத்தேன்.

விசாவை நிறுத்தச் சொல்லிவிட்டேன். வாஷிங் மிஷினை முன்பு ரூமில் கூட இருந்த மசூது அண்ணன் வாங்கிக்கொண்டார். உம்மாவிடம் உன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஃபிளாட்டுதான் பயம் என்றால் நான் வேலையை விட்டு ஊருக்கே வந்துவிடுகிறேன். வாசலில் என்னைப் பார்க்கும்போது உனக்குச் சந்தோஷமாக இருக்குமா? சாய்க்காமல் எழுது. பதில் வரும் வரை போன் செய்ய மாட்டேன்.

அஃப்சல்


குற்றாலம்
21.10.2024

மச்சானுக்கு,

போன் வராததால் மாமி, "எம் மவன் கூப்பிடவே மாட்டேங்கானே, நீ எதும் சொன்னியாளா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். என்னால் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நீங்கள் நல்லவர். எந்தக் குறையும் வைக்காதவர். உங்கள் கேள்வியைப் படித்து அழுதேன். வாருங்கள் என்று எழுதிப் பார்த்தேன், கிழித்துவிட்டேன்.

சந்தோஷமாக இருக்காது, மச்சான்.

வீட்டுக்குக் கொண்டுபோனால் இதையும் கிழித்துவிடுவேன். அதனால் இங்கேயே தபாலில் சேர்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுகிறேன். இதைப் படித்த பிறகு போன் செய்யுங்கள். மாமி பக்கத்தில் இருக்கட்டும்.

சனோபர்