நோல்வென்னைப் பார்க்க ஒரு வழக்கு

மார்ச் 4
மருமகள் சோலேன் இன்றும் போனை எடுக்கவில்லை. மகன் கில்தாஸ் கடலில் இறந்த பிறகு, பேத்தி நோல்வென்னோடு போனிலாவது பேசிக்கொண்டிருந்தேன். கிறிஸ்துமஸோடு அதுவும் நின்றது. ஏன்? அனுப்பிய பொம்மை பிரிக்காமலே திரும்பி வந்திருக்கிறது.

மார்ச் 11
வக்கீல் அம்மாளைப் பார்த்தேன். "தாத்தாவோட உறவு குழந்தையோட உரிமை ஐயா. அது அவளுக்கு நல்லதில்லன்னு அவ அம்மாதான் காட்டணும்" என்றார். கேஸ் போட்டால் சோலேன் என்றைக்காவது மன்னிப்பாளா? போடாவிட்டால் — ஐந்து வயதுக் குழந்தை, என் முகம் எத்தனை நாள் நினைவிருக்கும்?

மார்ச் 12
கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

ஜூன் 2
தூக்கமில்லை. நல்லதில்லை என்பதற்கு எதைச் சொல்லப்போகிறார்கள்? நான் என்ன செய்தேன்?

செப்டம்பர் 19
பிரெஸ்ட் நகர நீதிமன்றம். சோலேன் என் பக்கம் திரும்பவே இல்லை. நீதிபதி காரணம் கேட்டார்.
"மாமா குரலும் என் வீட்டுக்காரர் குரலும் ஒண்ணு. கிறிஸ்துமஸ் அன்னிக்கு நோல்வென் அதைப் போன்ல கேட்டுட்டு, அப்பா வந்துட்டாருன்னு கதவுகிட்டயே உக்காந்துட்டா. சாப்பிடக்கூட வரல. செத்துட்டாருன்னு மறுபடியும் நான் எப்படிச் சொல்றது?"
என் குரலை நினைத்தாலே பயமாக இருக்கிறது. வாபஸ் வாங்கிவிடவா என்று வக்கீலைக் கேட்டேன். "இப்ப விட்டீங்கன்னா அந்தப் பிள்ளைக்கு இன்னொருத்தரும் காணாமப் போயிடுவாரு" என்றார்.

அக்டோபர் 24
தீர்ப்பு வந்தது. மாதம் ஒரு சனிக்கிழமை, சந்திப்பு மையத்தில், ஊழியர் முன்னிலையில். ஜெயித்துவிட்டேனாம்.

நவம்பர் 8
நோல்வென் மூலையில் நின்றாள். நான் வாயே திறக்கவில்லை. தலையாட்டினேன், படகு வரைந்து காட்டினேன். மெல்லப் பக்கத்தில் வந்து, "இப்பல்லாம் உனக்குப் பேச வராதா தாத்தா?" என்றாள்.
என்ன செய்ய — "வரும்மா" என்றேன்.
நிமிர்ந்தாள். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு உயிரே இல்லை.
"அப்பா மாதிரியே பேசுற. ஆனா நீ அப்பா இல்ல."
"இல்லம்மா. அப்பாவோட அப்பா."
"அப்பா செத்துட்டாரு. உனக்குத் தெரியுமா?"
"தெரியும்மா."
"சரி. படகுக்குக் கலர் அடி."
வெளியே நடையில் சோலேன் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். கண்கள் சிவந்திருந்தன. "கேட்டுச்சு மாமா" என்றாள்.

டிசம்பர் 6
சோலேனும் உள்ளே வந்து உட்கார்ந்தாள். அவளைக் கண்டதும் எனக்குப் பேச்சு நின்றுபோயிற்று. "நிறுத்தாதீங்க மாமா, பேசிக்கிட்டே இருங்க" என்றாள்.
மழையைப் பற்றிச் சொன்னேன். மத்தி மீனைப் பற்றிச் சொன்னேன். சோலேன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.