கடலோரத்துக்காரி கொண்டுவந்த மொச்சை

இன்று காலை குக்கர் மூடியைத் திறந்ததும் காய்ந்த மொச்சை வெந்த வாசனை முகத்தில் அடித்தது. உன்னிடம் பேச வேண்டும் போலிருந்தது.

திண்டிவனத்துத் துணிக்கடையில் நாம் இருவரும் சேலைப் பிரிவில் நின்ற காலம். நீ மரக்காணத்துப் பக்கம் கடலோரக் குப்பத்திலிருந்து பஸ் ஏறி வருவாய், நான் மயிலத்திலிருந்து. மதியம் மாடியில் துணிக்கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து சாப்பிடுவோம். உன் டப்பாவில் மீன் இல்லாத நாள் கிடையாது. நீ முள் எடுக்கும் அழகைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

என் வயிற்றில் பிள்ளை வந்த ஐந்தாம் மாதம், சேலையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோதே கண் இருட்டி விழுந்தேன். நீதான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாய். ரத்தம் மிகவும் குறைவு, இப்படியே விட்டால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து என்றார்கள். மீன், கறி, முட்டை எதன் வாடை பட்டாலும் எனக்குக் குமட்டும். அழுதுவிட்டேன். நீ அழவில்லை, நர்ஸிடம் திரும்பினாய்.

"சிஸ்டர், இவளுக்குக் கவிச்சியே ஆவல. வேற இன்னா குடுத்தா தேறுவா?"

"மாத்திரைய உட்டுடாதீங்க. கூடவே காஞ்ச பயிறு வகைங்க குடுங்க. மொச்ச, காராமணி, பச்சப்பயிறு எல்லாத்துலயும் புரதமும் இருக்குது, இரும்புச்சத்தும் இருக்குது. எலுமிச்ச புழிஞ்சிக்கினா ஒடம்புல நல்லா சேரும். சாப்ட்ட கையோட டீ வாணாம்."

மறுநாளே எனக்கென்று இன்னொரு டப்பா வந்தது. ஊறவைத்து வேகவைத்த மொச்சை, ஓரத்தில் ஒரு துண்டு எலுமிச்சை.

"உனக்கு எதுக்குடி இந்த வேலை?"

"கடலுக்குப் போவாத நாள்ல எங்க ஊட்ல இதாண்டி மீனு. பேசாம துன்னு."

பிறகு காராமணி, முளைகட்டிய பயிறு என்று மாறி மாறி வந்தது. நான் டீக்கு எழுந்தால் முந்தானையைப் பிடித்து உட்காரவைப்பாய். நீயும் அந்தச் சுண்டலையே அள்ளித் தின்றாய். உனக்கும் அது பிடித்துப்போயிற்று என்றுதான் நினைத்தேன். மெல்ல மெல்ல என் உடம்பில் ரத்தம் ஏறியது. மகள் பிறந்தாள், இருவரும் பிழைத்தோம். ஆஸ்பத்திரியில் அவளை முதலில் கையில் வாங்கியவள் நீ.

போன ஐப்பசியில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. காரியத்துக்கு வந்த என் பக்கத்தில் உன் தங்கை வந்து உட்கார்ந்தாள்.

"நீங்க முழுகாம இருந்தப்போ எங்க அக்கா கடைக்கு ஒருநாளும் மீன் எடுத்துக்கினு வரல, கவனிச்சீங்களா? அம்மா கொழம்பு ஊத்தப் போனா, 'வாணாம்மா, டப்பா தெறந்தா அவளுக்குக் கொமட்டும்'னு வெறும் மோர்சோறு கட்டிக்கினு போவா."

அன்று உனக்காக அழுததோடு, நீ எனக்குக் கிடைத்ததற்காகவும் அழுதேன்.

என் மகள் இப்போது என்னைவிட உயரம். யாருடன் சாப்பிட உட்கார்ந்தாலும், என் டப்பாவைத் திறக்குமுன் எதிரில் இருப்பவர் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். அந்தப் பழக்கம் நீ கொடுத்தது.